மேகத்தின் மேல் போட்ட பழி

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் அருமைத் தொல்லை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். பாலம் கட்டும் அந்தத் தூர தேசத்தில் நீங்களும் நலம் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், போனை எடுத்தால்தானே தெரியும்? அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் கட் பண்ண முடியாது பாருங்கள்.

முதலில் வீட்டுச் செய்தி. குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. கணக்கில் தேறிவிட்டேன். ஆசிரியர் விடைத்தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

அடுத்தது நீங்கள் கேட்க விரும்பாத செய்தி. அம்மா பேசிவிட்டாள். நீங்கள் வேண்டவே வேண்டாம் என்ற அதே பேச்சை, அத்தனை பேர் முன்னால்.

அம்மாவின் வேலையில் அன்று நடந்ததை நீங்கள் முழுசாகக் கேட்கவே இல்லை. அதற்குள் கோபம் வந்துவிட்டது. இப்போது கேளுங்கள். விமான நிலையத்தில் அவள் உட்காரும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஒரு வழக்கம். ஓடுதளத்துக்குள் யாரை அனுப்பினாலும் முதலில் மேசைப் பலகையில் சிவப்புப் பட்டையைச் செருக வேண்டும். அது இருக்கும்வரை எந்த விமானத்தையும் இறங்கச் சொல்லக் கூடாது. அன்று விளக்கு பழுதுபார்க்கும் வண்டியை அம்மா உள்ளே அனுப்பினாள். பட்டைக்குக் கை நீட்டும்போது பக்கத்து நாற்காலியின் போன் அடித்தது. அந்த நாற்காலிக்கு ஆள் போடாமல் ரொம்ப காலமாக இழுத்தடிக்கிறார்கள். அதையும் அம்மாதான் எடுத்துப் பேசினாள். பட்டை மறந்துபோனது. வந்த விமானத்தை இறங்கச் சொல்லிவிட்டாள். வண்டியைப் பார்த்த விமானி கடைசி நேரத்தில் மேலே தூக்கிவிட்டார். பயணிகள் ஒரு ரவுண்டு ஓசியில் சுற்றியதாக நினைத்திருப்பார்கள்.

அம்மா அன்றே தன் தப்பை எழுதிக் கொடுத்தாள். விமானத் துறை இயக்குநர் அவளைக் கூப்பிட்டு, மேகம் மறைத்ததால் விமானம் திரும்பியது என்று முடித்துவிடலாம்மா, உனக்கும் நிம்மதி எங்களுக்கும் நிம்மதி என்றாராம். கோபுரத்தை நடத்துவதும் அவர்கள், விசாரிப்பதும் அவர்களே. பரீட்சை எழுதியவனே பேப்பர் திருத்துகிற வசதி. எனக்கு மட்டும் யாரும் அதைத் தருவதில்லை. நான் ஒரு கோப்பையை உடைத்தால் சில்லு உருண்டு நிற்பதற்குள் அம்மா விசாரித்துத் தீர்ப்பே சொல்லிவிடுகிறாள்!

நீங்களும் மேகம்னா மேகம்னு விட்டுடு, அது என்ன வந்து கேஸா போடப்போகுது என்றீர்கள். ஜோக் நல்ல ஜோக்தான். ஆனால் அன்றைக்கு அம்மா சிரிக்கவில்லை.

அந்த விமானியும் விடாமல் புகார் கொடுத்ததால் எம்.பி.க்கள் குழு பொது விசாரணை வைத்தது. அத்தையோடு நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். இயக்குநர் மேகக் கதையை அழகாகப் படித்தார். அடுத்து அம்மா எழுந்தாள். அன்னைக்கு வானம் கழுவி விட்ட மாதிரி இருந்துச்சு, ஒரு துளி மேகம் கிடையாது, பட்டையைச் செருகாதது நான்தான், அதை என் பேர்லயே எழுதிக்குங்க என்றாள். அப்படியே, நான் ரெண்டு நாற்காலி வேலை பார்த்ததையும் எழுதுங்க, இல்லைன்னா என்னை மாத்திட்டு வேற ஒருத்தரை உட்கார வெச்சாலும் இதேதான் நடக்கும் என்றாள்.

குழுத் தலைவி இயக்குநர் பக்கம் திரும்பி, அந்த நாற்காலி எத்தனை நாளாகக் காலி என்று கேட்டார். இயக்குநர் தண்ணீர் குடித்தார். மறுபடியும் கேட்டார். மறுபடியும் குடித்தார். கடைசியில் அந்த டம்ளரும் காலி. நான் கைதட்டிவிட்டேன். வாசல் காவலர் முறைத்தார், அத்தை தொடையில் கிள்ளினாள். இன்னும் கன்றிப்போய் இருக்கிறது, பெருமையாகத்தான் இருக்கிறது.

இனி இப்படி நூலிழையில் தப்பியதையெல்லாம் துறைக்குச் சம்பந்தமில்லாத தனி அமைப்புதான் விசாரிக்க வேண்டும், அறிக்கையை எல்லோரும் படிக்கும்படி வெளியிட வேண்டும் என்று குழு உத்தரவு போட்டது. முதல் விசாரணையே அம்மாவுடையதுதான். அது முடியும்வரை விமானிகளோடு பேசும் மைக் அவளுக்குக் கிடையாது. கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறையில் பழைய ஃபைல்களை அடுக்குகிறாள். திரும்ப மேலே விடுவார்களா என்று தெரியாது. சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். நான் எவ்வளவு சேட்டை செய்தாலும் திட்டுவதில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

நேற்று கேட்டுவிட்டேன், வாயை மூடிக்கிட்டிருந்தா அப்பாவோட சண்டையே வந்திருக்காதேம்மா என்று. அவள் துணியை மடித்துக்கொண்டே, உங்கப்பா லீவுக்கு வர்ற பிளேனும் அந்த ஓடுதளத்துலதாண்டி இறங்கும் என்றாள்.

அப்பா, அவளிடம் வேலை என்னாகும் என்று கேட்க வேண்டாம். அறிவுரையும் வேண்டாம், இங்கே அத்தையிடமே தேவைக்கு மேல் இருக்கிறது. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அம்மாவை ஒரு தடவை கூப்பிடுங்கள். சாப்பிட்டியா என்று மட்டும் கேளுங்கள், போதும்.

உங்கள் மகள்,
அம்மாவுக்கும் மகள்