ஒன்பது பலம்

ஜூன் 22, 1929

எங்கள் ஊரின் கல்வி வரலாற்றில் இன்று பொன்னாள். ஆகஸ்ட் பதினைந்து மூலிகை மாதா திருநாளன்று கோவிலில் மந்திரிக்க, பள்ளியும் இவ்வாண்டு முதல் தனியாக ஒரு மூலிகைக் கொத்து கொண்டுபோகும் என்று ஆசிரியர் குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. போன வருடம் தீயணைப்புப் படையின் கொத்து பெரிதாக இருந்ததில் கல்வியின் மானம் போனதாம். நாடா வெறும் சிவப்பா, வெள்ளையும் சிவப்புமா என்பதை அவசரப்பட்டு முடிவெடுக்க முடியாததால் ஒத்திவைத்தார்கள். பொறுப்பு எனக்கு. தாவரவியல் ஆசிரியைக்கு வேறு என்ன வேலை.

ஜூலை 9

மாவு ஆலைக்குப் பின்னால் இருக்கும் ஜிப்சம் குன்றில் ஜெவ்யென்ச்சிவ் செடி! எங்கள் மொழியில் அந்தப் பேருக்கு ‘ஒன்பது பலம்’ என்று பொருள். அதிலும் இது அபூர்வமான வகை. தண்டே கிடையாது. முள் இலைகள் தரையோடு படிந்து, நடுவில் ஒரே மொட்டு. பல வருடம் வெறும் இலையாகக் கிடந்து, ஒரே ஒரு முறை பூத்து, விதையை உதிர்த்துவிட்டுச் செத்துப்போகும். அங்கே இருப்பவை எல்லாம் இந்த வருடமே மொட்டு விட்டிருக்கின்றன. மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழவில்லை. குன்றில் காற்று அதிகம்.

இலையுதிர் காலத்தில் அந்தக் குன்றை உடைத்து, சுவர் பூச ஜிப்சம் எடுக்கக் குத்தகை கொடுத்தாயிற்று. கிராக்கோவ் பல்கலைக்கழகப் பேராசிரியர் கவ்ரோன்ஸ்கிக்கு இன்றே எழுதிவிட்டேன்.

ஜூலை 20

பதில் வந்துவிட்டது. ஆகஸ்ட் பதினேழாம் தேதி வருகிறார். மண்ணில் வேரோடு நிற்பதைத் தன் கண்ணால் பார்த்தால், குன்றைப் பாதுகாக்கும்படி அரசுக்குப் பரிந்துரைப்பாராம். ‘ஆசிரியைகளின் உற்சாகத்தை நான் ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை.’ கண்ணியமான மனிதர்.

ஜூலை 28

வீட்டுக்காரம்மா பெலாகியா மேசைமேல் நான் வரைந்து வைத்திருந்த செடியின் படத்தைப் பார்த்துவிட்டார். ஒன்பது பலமாம்: இடுப்புவலி, மாட்டுக்குப் பால், குடிகாரக் கணவன்... ஆறோடு நினைவு தப்பிவிட்டது. மிச்சத்தை மாதா பார்த்துக்கொள்வாராம். இந்த நூற்றாண்டில் இப்படியா? மூடநம்பிக்கையை முளையிலேயே கிள்ள வேண்டும். பங்கு மண்டபத்தில் பேச பாதரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 4

உரை மாபெரும் வெற்றி. பூசை முடிந்தும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. இந்தச் செடிக்கு ஒரு பலமும் இல்லை என்பதை ஒவ்வொரு பலமாக எடுத்து நிரூபித்தேன். சாதாரண முட்செடி என்று யாரும் குழம்பிவிடக் கூடாதே என்று பெரிய படம் மாட்டி, அடையாளங்களைத் தெளிவாக விளக்கினேன். தீயணைப்புப் படைத் தலைவர் கஸ்பர் குறிப்பே எடுத்தார். கடைசியில் எழுந்து, “டீச்சரம்மா, அது எந்தப் பக்கம் இருக்குன்னு சொன்னா, நாங்க அந்தப் பக்கம் போகாம இருப்போம்ல,” என்றார். பொறுப்பான கேள்வி. சொன்னேன்.

ஆகஸ்ட் 14

மழை. வெள்ளையும் சிவப்பும் வென்றது. நாடாவுக்கு இஸ்திரி போட்டேன்.

ஆகஸ்ட் 15

கோவிலில் ஒவ்வொரு கொத்தின் நடுவிலும் அது. மாவு ஆலைக்காரர் மனைவியிடம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒன்று. தீயணைப்புப் படையிடம் மூன்று. பாதர் எல்லாவற்றின் மேலும் தாராளமாகத் தீர்த்தம் தெளித்தார்.

தலைமையாசிரியர் என் காதருகே குனிந்தார். “எல்லார் கையிலயும் இருக்கு. நம்ம கொத்துல மட்டும் இல்ல. தாவரவியல் டீச்சர் நீங்கதானே, செல்வி எவெலினா?”

வெளியே வந்ததும் கஸ்பரைப் பிடித்தேன். அதுல ஒண்ணுமே இல்லன்னு சொன்னேனே, தலைதலையா அடிச்சுக்கிட்டுச் சொன்னேனே—

“சொன்னீங்க டீச்சரம்மா, இல்லன்னு சொல்லல. ஆனா படிச்சவங்க ஒண்ணு இல்லவே இல்லன்னு இவ்வளவு நேரம் மெனக்கெட்டுப் பேசுறாங்கன்னா, உள்ள என்னமோ இருக்குன்னு எங்க வீட்டுல சொல்லுறா.”

வேரோடு தோண்டியிருக்கிறார்கள். பலம் வேரில்தானாம். அதை நான் சொல்லவில்லை. சொன்னேனா? வேரைப் பற்றித் தனியாக ஒரு படம் மாட்டினேன்.

ஆகஸ்ட் 17

பேராசிரியருக்குக் குன்றில் குழிகளைக் காட்டினேன். கவனமாகப் பார்த்தார். ஒன்றுகூட மிச்சம் இல்லை. பிறகு பெலாகியா அம்மாவின் சமையலறையில், மாதா படத்துக்குப் பின்னால் செருகியிருந்ததை நாற்காலி மேல் ஏறி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, பூதக்கண்ணாடி வைத்து ஆராய்ந்தார். ஐயமே இல்லை, அதே வகைதான் என்றார். ஆய்வகத்துக்கு எடுத்துப்போகலாமா என்று கேட்டார்.

“மந்திரிச்சது சார். வீட்ட விட்டு வெளிய போகக் கூடாது,” என்றார் பெலாகியா அம்மா. “வேணும்னா ஆப்பிள் கேக் எடுத்துட்டுப் போங்க.”

எடுத்துப்போனார். சமையலறைகளில் வளரும் ஒன்றுக்காகக் குன்றைப் பாதுகாக்கச் சொல்ல முடியாது என்று ரயிலடியில் சொன்னார்.

அக்டோபர் 11

தாவரவியல் வகுப்பறையின் சுவர்களுக்குப் புதுப் பூச்சு முடிந்தது. ஜிப்சம் உள்ளூர்ச் சரக்கு. குத்தகைக்காரர் இலவசமாகக் கொடுத்தார்.