ஓதிப் போட்ட மோதிரம்

பதுளை,
9.8.1974

அன்பு மகன் ஹுமைதுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் வாப்பா, தங்கச்சி நளீரா, நான் எல்லோரும் சுகம். உன் சுகத்தைக் கேட்டு எழுதப் பொறுமை இல்லை மகன், நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கடிதத்தை நளீரா சத்தமாக வாசித்தாள். நீ வேலை செய்கிற ஆய்வுகூடத்தில், நெருப்பை விடச் சூடான வாயுவுக்குள் எந்தக் கருவியை விட்டாலும் உருகிவிடும், அதனால் லேசர் வெளிச்சத்தைப் பாய்ச்சி, சிதறி வருகிற துளி வெளிச்சத்தை அளந்துதான் சூட்டைக் கண்டுபிடிக்கிறோம் என்று எழுதியிருந்தாய். கொதிக்கிற பானைக்குள் கைவிட முடியாதுதானே, அது எனக்கு விளங்கியது. அடுத்த பக்கத்தில்தான் தலை சுற்றியது. உன்னோடு வேலை செய்கிறவரின் கைக்கடிகாரத்தில் அந்த வெளிச்சம் பட்டுத் தெறித்து ஒரு கண்ணில் பாதிப் பார்வை போய்விட்டதாம், யா அல்லாஹ்! கடிகாரம், மோதிரம் எல்லாம் கழற்றிவிட்டுத்தான் லேசர் அறைக்குள் போக வேண்டுமாம். அதற்குக் கீழேயே நீ, "உங்கட மோதிரத்தக் கழட்டல்ல உம்மா, மேல பிளாஸ்டர் சுத்திக்கிட்டுத்தான் போறேன், கவலப்படாதீங்க" என்று எழுதியிருக்கிறாய். இதைப் படித்துவிட்டு எந்த உம்மா கவலைப்படாமல் இருப்பாள்?

பள்ளிவாசல் லெப்பையிடம் ஓதி வாங்கிய அந்த வெள்ளி மோதிரத்தை ரயிலடியில் உன் விரலில் போட்டுவிட்டு, திரும்பி வரும்வரை கழற்றாதே என்று சொன்னவள் நான்தான். லேசர் என்று ஒன்று இருப்பது எனக்கு எங்கே தெரியும்? நேற்று பிளாஸ்டர் வாங்கி வரச் சொல்லி என் மோதிரத்தில் சுற்றிப் பார்த்தேன். தேங்காய் துருவி நாலு உடுப்புக் கழுவுவதற்குள் ஓரம் கிளம்பி, வெள்ளி பளிச்சென்று வெளியே தெரிந்தது. அதிலிருந்து சோறு இறங்கவில்லை. பண்டாரவளையில் லரீபா மாமியின் மகளுக்குப் பிள்ளை கிடைத்திருக்கிறது, போய்ப் பார்க்கவும் மனம் வரவில்லை. வாப்பா கடையால் வந்து ஏசினார். "ஓதினது அவன்ட உசுருக்கா, வெள்ளிக்கா? கழட்டச் சொல்லி எழுது" என்கிறார். அவர் சொல்வது சரி.

ஆகவே இதைப் படித்த கையோடு கழற்று மகன். அங்கே தருகிற பாதுகாப்புக் கண்ணாடியைப் போடாமல் அந்த அறைக்குள் கால் வைக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. கழற்றிவிட்டேன் என்று வெறுமனே எழுதினால் நம்பமாட்டேன். நான் பயப்படுவேன் என்று காய்ச்சலைக்கூட மறைத்துப் பள்ளிக்கூடம் போனவன் நீ. மோதிரத்தை ரெஜிஸ்டர் தபாலில் எனக்கே அனுப்பிவிடு. நீ வந்த பிறகு நானே திரும்பப் போட்டுவிடுகிறேன். அல்லாஹ் உன் இரண்டு கண்ணையும் பாதுகாப்பானாக, ஆமீன்.

தபால்காரனின் வழியைப் பார்த்திருக்கும்
உன் உம்மா
ஸைனப்