முப்பத்தாறு பலகை அலை

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். எட்டு மாதமாக இந்த முதல் வரியை எழுதும்போதெல்லாம் பொய் எழுதுகிறோமே என்று கை கூசும், உனக்கும் அது தெரிந்துதான் இருக்கும். இந்தத் தடவை கூசவில்லை. அதனால் மற்ற சங்கதிகளைப் பின்னால் தள்ளிவிட்டு முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலையை விடுவதாக எழுதி வைத்திருக்கிறாயே ஒரு கடிதம், மாதக் கடைசியில் மேலதிகாரியிடம் கொடுக்கப்போவதாகச் சொன்னாயே, அதைக் கொடுக்காதே. போன தடவை அழுது அழுது வா வா என்று எழுதினதும் நான்தான், இப்போது வேண்டாம் என்கிறதும் நான்தான். அம்மாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைக்காமல் கடைசி வரைக்கும் படி.

அப்பா இருந்த இருப்பை நான் உன்னிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன். படகு எஞ்சின் பட்டறையில் முப்பத்தொரு வருஷம் ஸ்பேனர் பிடித்த வலது கை, பக்கவாதம் வந்து ஒரு கரண்டியைக் கூடப் பிடிக்காமல் தொங்கிப் போனதும், மனுஷர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். கைக்குப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்து அமுக்குங்கள் அமுக்குங்கள் என்று கெஞ்சுவாள், ஒரு நாள் இடது கையால் அதை வீசி எறிந்தார், அது அலமாரிக்கு அடியில் உருண்டு போய் இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. கையில் உயிர் இருக்கிறது, அவர்தான் மனசு வைக்க மாட்டேன் என்கிறார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என்னோடும் பேச்சு கிடையாது. காபி வேண்டுமா என்றால் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். இத்தனை வருஷம் அவரிடம் திட்டு வாங்கியே குடித்தனம் நடத்தினவள் நான், திட்டாத வீட்டில் எப்படி இருப்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் சாயங்காலம் கையைப் பிடித்துக் கடற்கரைச் சாலைக்கு இழுத்துக்கொண்டு போவேன். அங்கே புதிதாக ஒரு கலைப் பொருள் வைத்திருக்கிறார்கள். பஸ் ஒன்றின் நீளத்துக்கு இரண்டு இரும்புத் தூண்களுக்கு நடுவே நீல நீலமாக முப்பத்தாறு மரப் பலகைகள், இரண்டு முனையிலும் நம் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கைப்பிடிச் சக்கரம். உள்ளே ஏதோ சங்கிலி ஓடுகிறது. சக்கரத்தைச் சுற்றினால் பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து தாழ்ந்து அலை மாதிரி போகும். ஆனால் இது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள் என்று எழுத வேண்டிய அறிவிப்புப் பலகை பெயிண்டரிடமே கிடந்தது. காவலுக்குப் போட்ட ஆளோ பதினோரு வருஷம் அருங்காட்சியகத்தில் நின்றவர். யாராவது அரையடி கிட்டே போனால் போதும், விசில் அடித்து விரட்டிவிடுவார். நாங்கள் அவருக்கு விசில் என்றே பேர் வைத்திருக்கிறோம். ஊர் சனமெல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவந்து, நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகும். இப்படியே ஒன்பது நாள்.

பத்தாவது நாள் கொஞ்சம் பெரிய காற்று. பலகைகள் தானாக ஆட, உள்ளே எங்கோ இரும்பு கிறீச்சென்று கத்தியது. அப்பா நின்றார். இன்னொரு தரம் கத்தியது. முகம் சுளித்து, எண்ணெய் போடல என்றார். அம்மாடி, மூன்று வாரத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். நான் என்ன ஏது என்று கேட்பதற்குள் சுற்றிலும் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிப் போய்ச் சக்கரத்தை இடது கையால் பிடித்து, காதைத் தூணில் வைத்துக்கொண்டு கால் சுற்றுச் சுற்றினார். ஐந்தாறு பலகை எழுந்து நின்றது. விசில் ஊதிக்கொண்டே ஓடிவந்தார். அப்பா நகரவில்லை. "கைப்பிடி வச்ச பொருளைச் சுத்தாம வேற என்னய்யா பண்ணுவாங்க, பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்குவாங்களா" என்று கேட்டாரே ஒரு கேள்வி. விசில் பாவம், யோசித்துப் பார்த்துவிட்டு அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

மறுநாள் அதைச் செய்த பெண்ணே வந்துவிட்டாள், உன் வயசுதான் இருக்கும். ஒன்பது நாளாக யாரும் தொடவில்லை என்று கேள்விப்பட்டு, ஊருக்கே நம் வேலை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று வெளியே தலைகாட்டாமல் இருந்தாளாம். விஷயம் தெரிந்ததும் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றாள். அப்பா அவளையும் விடவில்லை, கடல் காத்துல இரும்பை வச்சா எண்ணெய் போட வேணாமா என்று பிடித்துக்கொண்டார். நீங்களே போட்டுக் கொடுங்க சார் என்றாள். அப்பாவின் பழைய எண்ணெய்க் குப்பி பரணில் எந்த மூலையில் இருந்தது என்று எனக்கே தெரியாது, அவருக்குத் தெரிந்திருந்தது.

எண்ணெய் போட்டு முடிந்ததும் அந்தப் பெண் சொன்னாள், இரண்டு முனையிலும் இரண்டு பேர் ஒரே வேகத்தில் சுற்றினால்தான் அலை முழுசாக ஓடும், இல்லாவிட்டால் நடுவில் முட்டிக்கொண்டு நின்றுவிடும் என்று. அப்பா என்னைப் பார்த்தார், அந்த முனைக்குப் போ என்று மோவாயால் காட்டினார். நானா என்றேன். வேற யாரு என்றார். போனேன். முதல் தரம் நடுவில் முட்டியது. இரண்டாம் தரமும் முட்டியது. "பஸ்ஸைப் பிடிக்கவா ஓடுறே, மெதுவாச் சுத்து" என்று அத்தனை பேர் முன்னால் ஒரு அதட்டல். திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, அதோடேயே சுற்றினேன். மூன்றாம் தரம் பலகை எல்லாம் ஒன்று விடாமல் எழுந்து என் பக்கம் ஓடிவந்தது. அப்போதுதான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அந்தச் சக்கரத்தை ஒரு கையால் முழுச் சுற்றுச் சுற்ற முடியாது. இடது கை மேலே, வலது கை கீழே. விரல் நான்கும் கைப்பிடியைச் சுற்றி மடங்கியிருந்தன. அவருக்கு அது தெரியவேயில்லை, அவர் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் கையை எடுத்துவிடுவாரோ என்று பயம்.

இதெல்லாம் நடந்து ஐந்து வாரம் ஆகிறது. உனக்கு உடனே எழுதவில்லை, நிலைக்கட்டும் பார்ப்போம் என்று இருந்தேன். பயிற்சிப் பெண் இப்போது வீட்டுக்கு வருவதில்லை, நேரே கடற்கரைக்கே வந்துவிடுகிறாள். பழையபடி முழுசாக வராது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும். ஆனால் பாதி டம்ளர் தண்ணீரைத் தானே தூக்கிக் குடிக்கிறார், சட்டையில் கீழ் இரண்டு பொத்தானைத் தானே போடுகிறார், மேலே உள்ளதற்கு என்னைக் கூப்பிட்டுவிட்டு நான் போட்டது கோணல் என்கிறார். விசில்தான் இப்போது வேடிக்கை. யாராவது சுற்றாமல் சும்மா நின்று பார்த்தால் விசில் அடித்துக் கூப்பிட்டுக் கைப்பிடியில் நிறுத்துகிறார். நான் யார் யாருக்கு நன்றி சொல்வேன் சொல். அந்த அலையைச் செய்த பெண்ணுக்கும் சொன்னேன், விசிலுக்கும் சொன்னேன், ஆனால் முதல் நன்றி அதில் எண்ணெய் போட மறந்தவன் எவனோ அவனுக்குத்தான், அவன் நன்றாக இருக்க வேண்டும்.

மற்றபடி உன் சித்தி கண்ணாடி மாற்றியிருக்கிறாள், இன்னும் என்னை மாடிப்படியில் அடையாளம் தெரியாமல்தான் நிற்கிறாள். சமையலறை ஜன்னல் கொக்கி உடைந்துவிட்டது, சரிசெய்ய ஆள் கூப்பிடக் கூடாது, தானே பார்த்துக்கொள்வதாக அப்பா உத்தரவு. நீ காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. குளிருக்குக் காலுறை போடாமல் படுக்காதே. லீவுக்கு வழக்கம்போல வா, ஒரு முனையை உன்னிடம் கொடுத்துவிட்டு நான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மறந்துவிடாதே, அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

ஒன்று சொல்ல மறந்தேன். நான் எழுதும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் அப்பா என்னைத் திருத்தி இரண்டு வரி எழுதுவாரே, எட்டு மாதமாக அந்த இடம் வெறுமையாக இருப்பதைத்தான் முதலில் பார்ப்பதாக எழுதியிருந்தாய். இந்தத் தடவையும் இடம் விட்டிருக்கிறேன். எழுதச் சொல்லிக் கேட்கப்போவதில்லை. தாளையும் பேனாவையும் அவர் பக்கத்தில் வைத்துவிட்டு நான் அடுப்பைப் பார்க்கப் போகிறேன். வெறுமையாகவே வந்து சேர்ந்தாலும் மனசு விட்டுவிடாதே. நீ நல்ல உடம்போடும் நல்ல பேரோடும் நீண்ட நாள் இருக்க வேண்டும்.

உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா

பலகை முப்பத்தாறு இல்லை, முப்பத்தெட்டு. சங்கிலி கிடையாது, ஒரே தண்டு. எதையும் முழுசாகக் கேட்க மாட்டாள். வேலையை விடாதே.
அப்பா