ஆட்சேபணை இல்லை

காக்ஸ் டவுன்,
9 ஜூன் 2025

அன்புள்ள ஷோபி,

பத்து நாளாக ஃபோன் அடித்து அடித்து நீ கோபத்தில் இருப்பாய். ஃபோனை அணைத்து பீரோவுக்குள் போட்டிருக்கிறேன். நாம் கடைசியாகக் கடிதம் எழுதிக்கொண்டது பி.யூ.சி. லீவில். என் கையெழுத்து அப்போதைவிட மோசம், பொறுத்துக்கொள்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். யாரோ என் பெயரில் ஒரு கணக்கு தொடங்கியிருக்கிறார்கள். 'ஆஞ்சலா மிஸ்' என்று. என் முகம், வேறு எவளோ ஒருத்தியின் உடம்பு. துணியில்லை. கீழே என் நம்பர், 'எந்த நேரமும் கூப்பிடலாம்' என்று ஒரு வரி. முதல் நாள் மட்டும் நாற்பது பேர் கூப்பிட்டார்கள். ஒருத்தன் மிகவும் மரியாதையாக, 'மேடம், காக்ஸ் டவுனில் எந்தத் தெரு?' என்றான். அவனுடைய மரியாதைதான் எல்லாவற்றையும்விட பயமாக இருந்தது.

ஏழாம் வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குரூப் வரை போய்விட்டது. பிரின்சிபால் கதவைச் சாத்திவிட்டு, "உங்கள்மேல் சந்தேகம் இல்லை மிஸ், ஆனால் இது அடங்கும்வரை லீவில் இருங்கள்" என்றார். பதினாறு வருஷம் அங்கே கணக்கு சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சந்தேகம் இல்லையாம், ஆனால் லீவாம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் பாடகர் குழுவில் என் பக்கத்து நாற்காலி காலி. யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன்.

டாடிக்கு இன்னும் தெரியாது. உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி வீட்டில் இருக்கிறேன்.

ஒன்று மட்டும் தெரிந்தது. அந்த முகத்தை எந்தப் படத்திலிருந்து வெட்டினார்கள் என்று தேடிப் பார்த்தேன். டிசம்பரில் உன் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் எடுத்த படம். பச்சைக் கல் தோடு தெரிகிறது. நீ என்னையும் சேர்த்து வைத்திருக்கும் உங்கள் குடும்ப குரூப்பைத் தவிர அதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

என்ன செய்யட்டும், சொல்.

உன்,
ஆஞ்சி

*

ஆனேக்கல்,
14 ஜூன் 2025

என் ஆஞ்சிக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எந்த நாய்டி அது?

நீ எதற்கு ஒளிந்துகொண்டிருக்கிறாய்? தப்பு செய்தவன் வெளியே காற்று வாங்கிக்கொண்டிருக்கிறான். முதலில் அங்கிளிடம் சொல். பிறகு போலீஸுக்குப் போ. எங்கள் பேங்கில் போன மாதம் இதைப் பற்றி ஒரு கூட்டம் நடந்தது, அதில் சொன்னதை எழுதுகிறேன்: எதையும் அழிக்காதே. ஒவ்வொரு படத்தையும் தேதி, நேரம், லிங்க் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில் பெண்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, அங்கே புகார் போடு. அந்த ஆப் கம்பெனிக்கும் எழுது. இந்த மாதிரிப் படத்தை ஒரு நாளுக்குள் அவர்கள் எடுத்தாக வேண்டும், சட்டம் அப்படி.

எங்கள் குரூப்பில் அறுபது பேர். ஒவ்வொருத்தரையும் நானே கேட்கிறேன், மாமனார் வீட்டு ஆள், அம்மா வீட்டு ஆள் என்று பார்க்க மாட்டேன். இவரிடம் சொன்னேன். கையிலிருந்த ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "பாவம், நான் வேண்டுமானால் ஸ்டேஷனுக்குத் துணைக்குப் போகட்டுமா?" என்றார். நம் சஹனாவுக்கு டென்த் வந்துவிட்டது, இல்லையென்றால் நானே வந்து உன்னோடு இருந்திருப்பேன்.

சாப்பிடு. நீ சாப்பிட மாட்டாய், எனக்குத் தெரியும்.

உன் ஷோபி

*

காக்ஸ் டவுன்,
8 ஜூலை 2025

அன்புள்ள ஷோபி,

நீ சொன்னபடி எல்லாம் செய்தேன். நாகேஷ் அண்ணாவைத் தொந்தரவு செய்யாதே, அவர் வர வேண்டாம். டாடியிடம் சொல்லிவிட்டேன். சட்டையை மாற்றிக்கொண்டு, "வா, போகலாம்" என்றார். எழுபத்திரண்டு வயதில் அவருக்கு இந்த அலைச்சல்.

முதல் ஸ்டேஷனில், சைபர் ஸ்டேஷனுக்குப் போ என்றார்கள். சைபர் ஸ்டேஷனில், உங்கள் ஏரியா ஸ்டேஷனுக்குப் போ என்றார்கள். மூன்றாம் நாள் ஒரு ரைட்டர் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். டாடி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் அந்த ஆள், "பிடி மேடம், பிடி" என்று கன்னடத்தில் விடச் சொன்னார். எனக்கு அது தமிழ்ப் பிடியாகத்தான் காதில் விழுந்தது. பிடித்துக்கொண்டேன்.

இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனோம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று கூடக் கேட்பதில்லை, வக்கீல் கொடுக்கிறார்கள். ஸ்ரீவித்யா என்று ஒருவர், நம்மைவிடச் சின்னவள். "எந்த ஸ்டேஷனும் எங்கள் எல்லை இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது. வாங்கவில்லையென்றால் மேலதிகாரிக்கு ரிஜிஸ்டர் தபால். அதற்கும் அசையவில்லையென்றால் மாஜிஸ்திரேட்" என்றாள். தபால் போய் ஐந்தாம் நாள் அதே ரைட்டர் கூப்பிட்டு எஃப்.ஐ.ஆர். போட்டார். காப்பி கொடுக்கும்போது நாற்காலிகூடத் தள்ளிப் போட்டார்.

பொய்க் கணக்கு தொடங்கியது, ஆபாசப் படம் பரப்பியது, விடாமல் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தது. மூன்றுக்கும் தனித்தனிப் பிரிவாம். அந்தக் கணக்கைக் கம்பெனி எடுத்துவிட்டது. மறுநாளே புதிதாக ஒன்று. அதில் 'மிஸ் போலீஸுக்குப் போனார்களாம்' என்று சிரிப்பு வேறு. ஸ்டேஷனுக்குப் போனது நாலைந்து பேருக்குத்தானே தெரியும், ஷோபி?

ஃபோனை ஆதாரமாக வாங்கிக்கொண்டார்கள். அதனால் இனியும் கடிதம்தான். நீ குரூப்பில் விசாரித்தாயா?

ஆஞ்சி

*

ஆனேக்கல்,
11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஆஞ்சலாவுக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, பேங்கில் ஆடிட். சஹனாவுக்கும் ஜுரம்.

குரூப்பில் விசாரித்தேன், ஒன்றும் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் இதை இவ்வளவு தூரம் இழுக்க வேண்டுமா என்று இருக்கிறது. கோர்ட்டுக்குப் போனால் அந்தப் படங்களை இன்னும் பத்துப் பேர் பார்ப்பார்கள். அங்கிளுக்கு வயதாகிறது. உனக்கும் ஒரு வாழ்க்கை அமைய வேண்டாமா? இப்போது புதிதாக எதுவும் வரவில்லைதானே? அப்படியே அடங்கிவிடும். நீ எடுத்து வைத்திருக்கிற ஸ்கிரீன்ஷாட் காப்பி எல்லாவற்றையும் அழித்துவிடு, பார்க்கப் பார்க்க மனசுதான் கெடும். ஸ்டேஷனில் சமாதானமாகப் போகிறேன் என்று எழுதிக் கொடு.

உன் நல்லதுக்காகத்தான் சொல்கிறேன்.

ஷோபா

*

காக்ஸ் டவுன்,
19 ஆகஸ்ட் 2025

ஷோபி,

ஜூனில் எதையும் அழிக்காதே என்று எழுதியவளும் நீதானா? உன் கையெழுத்துதானா என்று இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீதான்.

பள்ளியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. புதிய கமிட்டியின் முடிவாம். ஒரு பூங்கொத்து கொடுத்தார்கள், டாடி அதைத் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் வைத்துவிட்டு வந்தார். வீட்டில் நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன்.

உனக்கு ஏதாவது தெரியுமென்றால் சொல்லிவிடு. நான் கேட்பது இது ஒரு தடவைதான்.

ஆஞ்சி

*

ஆனேக்கல்,
3 நவம்பர் 2025

அன்புள்ள ஆஞ்சி,

உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும். இவர் பதினோரு நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்திருக்கிறார். தாடியும் அதுவுமாக, பார்க்க முடியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஆரம்பத்தில் எனக்குத் தெரியாது. ஏதோ புத்தி கெட்டுச் செய்துவிட்டார். விளையாட்டாகத் தொடங்கியது, பிறகு நிறுத்தத் தெரியவில்லை என்கிறார். அழுகிறார். உன் காலில் வந்து விழச் சொன்னாலும் விழுவார்.

வக்கீலைப் பார்த்தோம். போலீஸில் புகாரை வாபஸ் வாங்கினால் மட்டும் போதாதாம். உனக்கு ஆட்சேபணை இல்லை என்று நீ ஒரு அஃபிடவிட் கையெழுத்துப் போட்டால், ஹைகோர்ட்டில் வழக்கையே ரத்து செய்யச் சொல்லிக் கேட்கலாமாம். காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். பென்சிலில் குறித்த மூன்று இடத்தில் கையெழுத்து.

சஹனாவிடம் அப்பா வேலை விஷயமாக மைசூர் போயிருந்தார் என்று சொல்லியிருக்கிறேன். மார்ச்சில் பரீட்சை. அவளை நீதானே முதன்முதலில் ஆஸ்பத்திரியில் கையில் வாங்கினாய். அவளுக்காகவாவது.

உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

ஷோபி

*

காக்ஸ் டவுன்,
17 நவம்பர் 2025

ஷோபாவுக்கு,

காகிதம் கிடைத்தது. கையெழுத்துப் போடாமல் இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். கிழித்துப் போட்டால், வந்து சேரவில்லை என்று இன்னொன்று அனுப்புவாய்.

உன்னிடம் நான் ஒன்றை மறைத்தேன். கிரகப்பிரவேசத்தன்று மாடியில் எல்லாரும் சாப்பிட இறங்கிய பிறகு, உன் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். தள்ளிவிட்டேன். "அவ்வளவு பெரிய ஆளா நீ?" என்றார். புது வீட்டில் உன் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று கீழே வந்து உன்னோடு பாயசம் பரிமாறினேன். ஆறு மாதம் கழித்து அவர் யாரென்று எனக்குக் காட்டினார். அப்போதே உன்னிடம் சொல்லாதது என் தப்பு. வழக்கு தொடங்கிய பிறகும் அவர் பெயரைச் சொல்ல நாக்கு எழவில்லை, அதுவும் தப்பு. போலீஸ் தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று இருந்தேன். கண்டுபிடித்தார்கள்.

குற்றப்பத்திரிகை நகலை ஸ்ரீவித்யா படித்துக் காட்டினாள். அந்தக் கணக்குகளுக்குப் பின்னால் இருந்த சிம் கார்டு உன் பெயரில் வாங்கியது. அவர் உன் ஆதாரை எடுத்துப் போய் வாங்கினார், நீ அறியவில்லை. அதை நம்புகிறேன், போலீஸும் நம்பியிருக்கிறது. ஆனால் அந்த சிம்மைப் பற்றி விளக்கம் கேட்டு உனக்கு நோட்டீஸ் வந்தது ஆகஸ்ட் ஆறாம் தேதி. வாங்கிக்கொண்டதாக உன் கையெழுத்து இருக்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிடு என்று நீ எனக்கு எழுதியது பதினொன்றாம் தேதி.

அவர் செய்தது எனக்கு அருவருப்பு. நீ செய்தது வேறு, ஷோபா. நடுவில் ஐந்து நாள் இருந்தது. ஆடிட், ஜுரம் என்று யோசித்து, என் நல்லதுக்காக என்று ஒரு வரி சேர்த்து, மடித்து, தபால் தலை ஒட்டிப் போட்டிருக்கிறாய். டாடியின் வயதை இழுத்தாய். எனக்கு ஒரு வாழ்க்கை அமைய வேண்டும் என்றாய். முப்பத்தொன்பது வயதில் யாரும் எனக்கு அமைத்துத் தர வேண்டியதில்லை. இருந்த வேலையும் பாட்டும் போதுமாக இருந்தது. இரண்டும் போய்விட்டது.

உன் ஆகஸ்ட் கடிதத்தை ஸ்ரீவித்யா கேட்டாள். "தோழிதானே, யோசித்துச் சொல்லுங்கள்" என்றாள். இரண்டு வாரம் யோசித்தேன். நேற்றுக் கொடுத்துவிட்டேன். உன்மேல் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. சாட்சியாக உனக்குச் சம்மன் வரலாம். வந்தால் நடந்ததைச் சொல், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

காலில் விழுவார் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம். அந்த ஆள் என் தெருவுக்குள் வந்தால் ஜாமீன் ரத்தாகும், சொல்லி வை. படங்கள் இன்னும் எங்கேயோ இருக்கின்றன. ஸ்டேஷனிலிருந்து ஃபோன் திரும்பி வந்த பிறகு, போன வாரம்கூடப் புது நம்பரிலிருந்து ஒருத்தன் கூப்பிட்டான். தீர்ப்பு வர மூன்று வருஷம் ஆகலாம் என்கிறார்கள். ஒவ்வொரு தேதிக்கும் போவேன்.

என்னை விட்டால் யார் என்று கேட்டிருந்தாய். இனி இந்த முகவரிக்கு எழுதாதே, பேச வேண்டியதை வக்கீல்கள் பேசட்டும்.

சஹனாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடு. பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்காதே. அவள் கையில் ஃபோன் இருக்கிறது. வகுப்பில் எவளாவது நீட்டி, "இது உங்கப்பாவா?" என்று கேட்பதற்கு முன்னால், அவள் அம்மா வாயால் அவள் கேட்கட்டும்.

ஆஞ்சலா கில்பர்ட்