அப்பம் எடுக்காத ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை, தாராவி.

இன்று சர்ச்சில் திருவிருந்துக்கு முன் என் நாத்தனார் எஸ்தர் சாட்சி சொல்ல எழுந்தாள். என் மகள் ரோஸியைப் பற்றி இல்லாததைப் பேசி, கூடிவந்த கல்யாணத்தைக் கலைத்தவள் அவள்தான். "நாக்காலே பாவம் செஞ்சேன், கர்த்தர் என்னை மன்னிச்சிட்டாரு" என்று அழுதாள். சபையே அல்லேலூயா சொன்னது. பிறகு எல்லாரும் பார்க்க என் கையைப் பிடித்து, "மைனி, நீங்களும் மன்னிச்சிருங்க" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் சந்திலேயேதான் குடியிருக்கிறாள். பழி சொல்ல வீடு வீடாக ஏறி இறங்கியவளுக்கு, மன்னிப்புக் கேட்க மட்டும் என் வாசல் தெரியவில்லையா? கையை உதறிவிட்டு, திருவிருந்து அப்பம் எடுக்காமலே வந்துவிட்டேன்.

சாயந்தரம் ரோஸியிடம் பொருமித் தீர்த்தேன். அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "அத்தை போன வாரமே என் ஆபீஸ் வாசல்ல வந்து நின்னு அழுதாவ. நான் அன்னைக்கே மன்னிச்சுட்டேம்மா. ஒங்கிட்ட சொன்னா நீ சண்டைக்கு நிப்ப."

இவளுக்காகத்தானே நான் இத்தனை நாள் கொதித்தேன்? என்னை ஒரு வார்த்தை கேட்காமல் மன்னித்திருக்கிறாள். ஆண்டவரே, உமக்கும் இது தெரிந்திருக்கிறது. நான் பந்தியை விட்டு எழுவதற்கு முன் நீராவது சொல்லியிருக்கக் கூடாதா?