பின்னறையில் என்ன நடக்கிறது?

ஜூன் 3, செவ்வாய்

பின்னறைக் கதவு இன்றும் உள்பக்கம் தாழிட்டிருந்தது. துணி மடிக்கிறாளாம். துணி மடிக்கத் தாழ்ப்பாள் எதற்கு? முப்பது வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவன் நான். டிக்கெட் இல்லாதவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? வெளியே வந்த என் மனைவியின் முகம் அப்படித்தான் இருந்தது.

ஜூன் 5, வியாழன்

மகள் வந்து போனாள். போன மாதம் நான் குளியலறையில் விழுந்ததை அவள் இன்னும் விடவில்லை. விழுந்ததுகூடப் பெரிதில்லை, அடி படவில்லை. எழ முடியவில்லை, அதுதான் வினை. என் மனைவி கையைப் பிடித்து இழுத்துப் பார்த்ததில் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கடைசியில் எதிர்வீட்டு வாத்தியார் வந்து, ஈரத்துண்டோடு கிடந்த என்னைத் தூக்கி உட்கார வைத்தார். அன்றிலிருந்து அந்த மனிதரைக் கண்டால் ஒதுங்கிப் போகிறேன்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, ரெண்டு பேரையும் எங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடுவேன்ப்பா. இந்த வீட்டை வாடகைக்கு விட்டுடலாம்" என்றாள் மகள்.

நல்லவள்தான். ஆனால் அவள் வீட்டில் நான் விருந்தாளி. ஜன்னலைத் திறப்பதற்குக்கூட யாரையாவது கேட்க வேண்டும். எனக்கு என் வீடு வேண்டும், அவ்வளவுதான்.

கிளம்பும்போது அம்மாவும் மகளும் வாசலில் நின்று குசுகுசுவென்று பேசினார்கள். நான் போனதும் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

ஜூன் 9, திங்கள்

இவள் முழங்கால் இரண்டும் கன்றிப்போயிருக்கின்றன. கட்டிலில் இடித்துக்கொண்டாளாம். எங்கள் கட்டில் முழங்காலுக்கு ஒரு சாண் கீழே இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்று பின்னறைக்குப் போயிருக்கிறது. நான் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள்.

ஜூன் 14, சனி

எனக்கு மூக்கில் வியர்த்தது சும்மாவா? கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தெருமுனையோடு திரும்பிவிட்டேன். பின்னறைக்குள் இன்னொரு குரல். கேட்ட குரல்தான். நான் விழுந்த வாரமே மகள் அனுப்பிவைத்த பிசியோதெரபிப் பெண். "எனக்கு நடக்கத் தெரியும்மா" என்று வாசலோடு திருப்பி அனுப்பினேனே, அவள்தான். என் வீட்டுக்குள், எனக்குத் தெரியாமல்!

எதற்கு வருகிறாள்? வேறு எதற்கு! இவர்களால் தனியாகச் சமாளிக்க முடியாது என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மகள் மூட்டை கட்டிவிடுவாள். இதற்கு இவளும் உடந்தை. இத்தனை வருடம் கூட வாழ்ந்தவள்! யாரைத்தான் நம்புவது?



ஜூன் 18, புதன்

இன்று வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்னறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

இவள் தரையில் கிடக்கிறாள். மல்லாக்க. அந்தப் பெண் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். தூக்கவில்லை! குனியக்கூட இல்லை! நான் கத்திக்கொண்டே முன்வாசலுக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் என் ஓட்டம்தான். அறைக் கதவைத் தட்டு தட்டென்று தட்டினேன். திறந்தது இவளே. தலை கலைந்து, மூச்சு வாங்க, நின்றுகொண்டிருந்தாள்.

"கீழ கெடந்தியே!"

"கெடந்தேன். எந்திரிச்சிட்டேன்."

அந்தப் பெண்தான் விளக்கினாள். "உங்களைத் தூக்கப் போனா அம்மா இடுப்பு போயிடும் சார். விழுந்தா தானா எப்படி எந்திரிக்கறதுன்னு ஒரு முறை இருக்கு. அதைக் கத்துக்கிட்டு உங்களுக்குச் சொல்லித் தரேன்னு அவங்களேதான் என்னைக் கூப்பிட்டாங்க."

"என்கிட்ட ஏன்டி மறைச்ச?"

"சொன்னா விட்டிருப்பீங்களா? ஒரு கேள்விக்கு ஒம்போது கேள்வி கேப்பீங்க."

வெட்கமாகிவிட்டது. ஆனாலும் அந்தப் பெண் போகும்போது அவள் பைக்குள் ஓரக்கண்ணால் பார்த்தேன். தண்ணீர் பாட்டிலும் ஒரு துண்டும்தான் இருந்தன.

ஜூன் 20, வெள்ளி

இவள் என்னையும் தரையில் படுக்கச் சொன்னாள். முடியாது என்றேன்.

ஜூன் 21, சனி

படுத்தேன்.

முதலில் எங்கேயாவது அடிபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒருக்களித்துப் படுக்க வேண்டும். அப்புறம் முட்டி போட்டு நாற்காலி வரை தவழ்ந்து, இருக்கையில் கைகளை ஊன்றி, ஒரு காலை முன்னால் வைத்து எழ வேண்டும். சொல்ல எளிது. தவழும்போது அப்படியே குப்புறச் சாய்ந்துவிட்டேன். "பேரன்கூட இதைவிட நல்லாத் தவழ்ந்தான்" என்றாள் இவள். கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. கீழே கிடந்தபடியே சிரித்தேன்.

ஜூலை 2, புதன்

விழுந்தேன். இது பயிற்சி இல்லை. சமையலறைப் படியில் கால் தடுக்கியது.

இவள் ஓடி வந்தாள். கை நீட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு எட்ட நின்றாள். "எங்கயும் வலிக்கலையே? அவசரமே இல்லைங்க. மெதுவா" என்றாள். உதடு துடித்துக்கொண்டிருந்தது. பாவம், தூக்காமல் நிற்பதுதான் அவளுக்கு எவ்வளவு கஷ்டம்!

நெடுநேரம் ஆனது. ஆனால் எழுந்தேன். நானே. உட்கார்ந்ததும் அழுகை வந்தது, அழுதேன்.

மகளுக்கு நானே போன் செய்தேன். "யாருப்பா தூக்கினா?" என்றாள். யாரும் தூக்கவில்லை என்றேன். அப்புறம், டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடச் சொன்னாள். வீட்டை வாடகைக்கு விடும் பேச்சை எடுக்கவில்லை.

ஜூலை 3, வியாழன்

எலும்பு பத்திரம். மூக்குக்கண்ணாடியை மாற்றச் சொல்கிறார் டாக்டர்.

ஜூலை 19, சனி

இவள் தன் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள். திங்கட்கிழமைதான் வருவாள். குளியலறையில் விழுந்த நாளிலிருந்து ஒரு ராத்திரிகூட என்னைத் தனியே விட்டதில்லை. இன்று பையை எடுத்தாள், "போயிட்டு வரேன்" என்றாள், போய்விட்டாள்.

எனக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? எதிர்வீட்டு வாத்தியாரிடம் போய், "என்னைப் பார்த்துக்கச் சொல்லிட்டுப் போனாளா?" என்று கேட்டேன்.

"இல்லையே சார். ஊருக்குப் போறதாவே சொல்லலையே!"

மகளுக்குப் போன் போட்டேன். அவளிடமும் சொல்லவில்லை. பிசியோதெரபிப் பெண்ணையும் விடவில்லை, அவளுக்கும் ஒன்றும் தெரியாது.

எப்படி எப்படியோ யோசித்துப் பார்த்துவிட்டேன். இதில் ஒரு சூழ்ச்சியும் தென்படவில்லை. நம்பித்தான் போயிருக்கிறாள்.