வாய்க்கரிசி போட்ட வாயால் ஒரு விளம்பரம்

என் அருமை மைக் அண்ணாச்சிக்கு,

கோமதி எழுதுகிறேன். சங்கரன்கோவில் தாலுகா ஆபீஸ் எதிரில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அதே கோமதிதான். நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. நலமா என்று கேட்டுத் தொடங்க முடியாது. உங்களை நிம்மதியாக இருக்க விடுகிறார்களா என்று வேண்டுமானால் கேட்கலாம். விடவில்லை என்பது எனக்கே தெரியும். அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன், கடுமையாக ஏதாவது வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காக ஒரு வார்த்தை. செல்லத்துரை அண்ணாச்சி பகலில் புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் ஏலம் கூவுவார். சாயங்காலம் எந்த ஊரில் கபடி நடந்தாலும் அங்கே மைக் அவர் கையில்தான் இருக்கும். வாசுதேவநல்லூரில் இருந்து குருவிகுளம் வரைக்கும் அவர் வர்ணனை இல்லாமல் ஒரு போட்டி நடந்ததாக எனக்கு நினைவில்லை.

நான் முதல்முதலாகக் கபடி பார்க்க வந்த நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? தனியாக வந்து கயிற்றுக்கு வெளியே நின்றேன். பக்கத்தில் ஒரு ஆள், "பொம்பளைக்கு இங்கன என்ன சோலி?" என்றான். உங்கள் காதில் அது எப்படி விழுந்ததோ. மைக்கில் சொன்னீர்கள்: "மேற்கால ஒரு தங்கச்சி நிக்கா. ஒரு பெஞ்சத் தூக்கிப் போடுங்கய்யா. கபடி பாக்குத கண்ணுல ஆம்பளக் கண்ணு, பொம்பளக் கண்ணுன்னு ஏதும் இருக்கா?" கூட்டம் சிரித்தது. பெஞ்சு வந்தது. மறு வருஷம் அதே பெஞ்சில் நாங்கள் ஆறு பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம்.

அன்றிலிருந்து நான் உங்கள் ரசிகை. ஆடுகிறவர்களுக்கு ரசிகர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள், வர்ணனை செய்கிறவருக்கு ரசிகையாக இருந்த கிறுக்கி நான் ஒருத்திதான். குவைத்தில் இருக்கும் என் வீட்டுக்காரருக்காக உங்கள் பேச்சைப் போனில் பதிந்து அனுப்ப ஆரம்பித்தேன். பிறகு எனக்காகவே பதிந்தேன். ஒரு மெமரி கார்டு முழுக்க நீங்கள்தான் இருந்தீர்கள்.

விளம்பரம் உங்களுக்குப் புதிதல்ல, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆட்டத்துக்கு இடையில் சோடாக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நீங்கள் செய்யாத விளம்பரமா? "கலர் குடிச்சவன் ஏப்பம் விடுவான், குடிக்காதவன் பெருமூச்சு விடுவான்" என்று நீங்கள் சொன்னதும் பாதிக் கூட்டம் சோடாக் கடைக்குப் போய்விடும். ஆனால் ஒருவன் கோட்டைத் தாண்டிப்போய் "கபடி கபடி" என்று பாட ஆரம்பித்துவிட்டால் உங்கள் கட்டைவிரல் மைக் சுவிட்சை அணைத்துவிடும். அவன் திரும்பி வரும்வரை ஒரு சொல் வராது. ஒருநாள் நான் அதைக் கேட்டபோது, "பாடுதவன் மூச்சு நடுவர் காதுல விழணும்லா? அதுக்குக் குறுக்க பேச நான் யாரு?" என்றீர்கள்.

இப்போது கிரவுண்டு எப்படி இருக்கிறது தெரியுமா? பனியனின் முன்பக்கம் முழுக்கக் கம்பெனிப் பெயர். ஊர்ப் பெயரைக் கழுத்துக்குப் பின்னால் எறும்பு மாதிரி போட்டிருக்கிறார்கள். ஒருத்தனைத் தொட்டுவிட்டு ஓடி வருகிறவன் தன் அணியைப் பார்ப்பதில்லை, கேமரா எங்கே என்று தேடுகிறான். நன்றாக ஆடும் அணியை விட்டுவிட்டு, யாருக்கு ஃபாலோயர் அதிகமோ அந்த அணிக்கு முதல் அழைப்பு அனுப்புகிறார்கள். நாற்பது நிமிஷ ஆட்டத்தில் சண்டை வந்த பத்து விநாடியை மட்டும் வெட்டிப் போட்டு, கீழே சாதியை இழுத்துத் திட்டிக்கொள்கிறார்கள். யார் ஜெயித்தது என்று கேட்டால் அங்கே ஒருவனுக்கும் தெரியாது.

போன் வந்ததாலேயே எல்லாம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. குவைத்தில் ஒரு அறையில் ஒன்பது பேர் படுத்துக்கொண்டு நம் ஊர் ஆட்டத்தை நேரலையில் பார்க்கிறார்களே, அது நல்ல காரியம்தானே? அந்தச் சந்தோஷத்தில்தான் நான் ஏமாந்தேன்.

இனிமேல் எழுதப்போவது என் குற்றம். நம் பக்கத்துக் கபடியை நேரலை செய்யும் சேனல்காரத் தம்பி ஒருநாள் கடைக்கு வந்தான். "அக்கா, அண்ணாச்சிக்கு ஒரு அஞ்சலி வீடியோ போடணும். உங்ககிட்ட அவரு பேச்சு நெறைய இருக்காம்லா?" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. மெமரி கார்டை அப்படியே எடுத்துக் கொடுத்தேன். போதாததற்கு, "எல்லாத்தையும் எடுத்துக்கோங்க தம்பி" என்று வாட்ஸப்பில் கும்பிடு பொம்மையோடு ஒரு செய்தியும் அனுப்பினேன். கொள்ளிக்கட்டையை எடுத்து என் தலையை நானே சொறிந்துகொண்டேன், அண்ணாச்சி.

அஞ்சலி வீடியோ வரவில்லை. உங்கள் குரல் வந்தது. அந்தப் பேச்சையெல்லாம் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, எதை டைப் செய்தாலும் உங்கள் குரலில் பேசுகிற மாதிரி செய்துவிட்டார்கள். ஆட்டம் நடக்க நடக்க அந்தத் தம்பி லேப்டாப்பில் தட்டுகிறான், ஸ்பீக்கரில் நீங்கள் பேசுகிறீர்கள். முதல் நாள் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பொய் சொல்ல மாட்டேன், அழுதேன்.

சண்முகத்தாய் மதினியிடம் போனைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான். "உங்க வீட்டுக்காரர் பேசுதாக, கேளுங்க" என்றேன். மதினி போனைக் காதோடு வைத்து ரொம்ப நேரம் கேட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாருக்குட்டி" என்றார். அதற்குப் பிறகு நான் எப்போது போனாலும் அந்த வீட்டில் அந்தக் குரல் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்புறம் பவுடர் விளம்பரம் வந்தது. சத்து மாவா, மருந்தா, என்ன எழவோ. "மூச்சு நிக்கணுமா மக்கா? நான் இன்னைக்கும் இதைத்தான் குடிக்கேன்" என்று நீங்கள் சொல்கிறீர்கள். இன்றைக்கும் குடிக்கிறீர்களாம்! உங்கள் வாய்க்கு நானும்தானே வரிசையில் நின்று வாய்க்கரிசி போட்டேன்? அந்த வாயைத் திறந்துவைத்து டப்பா விற்கிறார்கள். எந்தக் காட்டுமிராண்டிக் கூட்டத்தில் இப்படிச் செய்வார்கள்?

அன்றைக்கே போய் அந்தச் சேனல்காரன் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. மதினி கேட்டுக்கொண்டிருக்கிறாரே, அதைப் பிடுங்கினால் உங்களை இரண்டாம் தடவை எடுத்துக்கொண்டு போன மாதிரி ஆகுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

போன மாதம் இறுதிப் போட்டி. மதினியைக் கூப்பிட்டுப் பொன்னாடை போட்டு முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். நான் பக்கத்தில் இருந்தேன். புளியங்குடிப் பையன்கள் ஒரு பாயிண்ட் பின்னால் இருக்கிறார்கள். கடைசிப் பாட்டு. இசக்கி என்று ஒரு பையன் போனான். ஒல்லி உடம்பு, ஆனால் நல்ல மூச்சு. வலது மூலையில் இருந்தவனைத் தொட்டான், இன்னொருவன் கையையும் தட்டினான். சரியாக அந்த நேரத்தில் நாலு ஸ்பீக்கரிலும் நீங்கள் வந்தீர்கள். "மூச்சு நிக்கணுமா மக்கா?"

நடுவருக்கு அவன் பாட்டுக் கேட்கவில்லை. பாட்டை விட்டுவிட்டான் என்று விசில் அடித்தார். பாயிண்ட் எதிர் அணிக்குப் போனது, கோப்பையும் போனது. "சார், நான் விடல சார், சத்தியமா விடல" என்று அந்தப் பையன் மண்ணில் உட்கார்ந்து அழுதான். அவன் அழுததையும் வெட்டிப் போட்டு, மேலே சிரிக்கிற பொம்மை ஒட்டி விட்டிருக்கிறார்கள். ஊர் முழுக்கப் பார்த்துவிட்டது.

ஒரு பையன் மூச்சை உங்கள் குரலை வைத்தே அமுக்கினார்கள், அண்ணாச்சி. இதற்கு மேலும் நான் எப்படிச் சும்மா இருப்பது?

ஆட்டோவில் மதினியை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். படியேறியதும் பொன்னாடையை உருவி நாற்காலியில் போட்டார். நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "மதினி, ஒண்ணு சொல்லுதேன், மனசக் கல்லாக்கிக்கோங்க. அது அண்ணாச்சி குரல் இல்ல" என்றேன்.

"ஏட்டி, அது எனக்குத் தெரியாதா?" என்றார். "முப்பத்தோரு வருசம் கூட இருந்தவட்டி நான். மொத நாளே தெரியும். அவுக பேசுனா நடுவுல ஒரு எச்சி முழுங்குவாக. இது முழுங்கவே மாட்டேங்கு. அந்தப் பய பாடிட்டுப் போறான், அப்பவும் பேசுது. அவுக பேசுவாகளா?"

"பின்ன ஏன் மதினி தெனமும் போட்டுக் கேட்டீக?"

"நீ ஆசையாக் கொண்டாந்து குடுத்தியே. நீ வாரப்பல்லாம் ஓடட்டும்னு போட்டு வச்சேன். வேண்டாம்னா உம் மனசு நோவும்லா? நீ போனதும் அமத்திருவேன்."

மதினிக்காக நான் பொறுத்துக்கொண்டிருக்கிறேன், எனக்காக மதினி பொறுத்துக்கொண்டிருக்கிறார். நடுவில் அந்தச் சேனல்காரன் டப்பா டப்பாவாக விற்றுக்கொண்டிருக்கிறான். இரண்டு பேரில் ஒருத்தி வாயைத் திறந்திருந்தால் இசக்கி அன்றைக்கு ஜெயித்திருப்பான். அதை நினைத்தால் எனக்கு இன்னும் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

மறுநாள் காலையில் இரண்டு பேருமாகச் சேனல் ஆபீசுக்குப் போனோம். ராஜபாளையம் ரோட்டில் ஒரு செல்போன் கடைக்கு மாடியில் இருக்கிறது. அந்தத் தம்பி மரியாதையாகத்தான் பேசினான், அதுதான் இன்னும் எரிச்சல். நாற்காலி போட்டான், டீ சொன்னான். "அக்கா, நாங்க அண்ணாச்சிய அழியாம வச்சிருக்கோம். வியூஸப் பாருங்க. உசுரோட இருக்கும்போது அவருக்கு இவ்வளவு ரீச் கிடையாது" என்றான்.

"அழிச்சிருங்க" என்றார் மதினி.

"அது முடியாதும்மா. ஸ்பான்சர்கிட்ட ஆடித்தபசுத் திருவிழா வரைக்கும் பேசியாச்சு. அதோட, இவங்கதான் பெர்மிஷன் குடுத்தாங்க" என்று போனை நீட்டினான். என் கும்பிடு பொம்மை அதில் இருந்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"நான் குடுத்தது அஞ்சலிக்கு. பவுடருக்கா குடுத்தேன்?" என்று கத்தினேன்.

அவன் சிரித்துக்கொண்டே, "நீங்க ஏன்க்கா டென்ஷன் ஆகுதீங்க? நீங்க அவருக்குச் சொந்தமா? ஃபேன்தான?" என்றான்.

ஆமாம், ரசிகைதான். கடை கடையாக, சேனல் சேனலாக எங்களைப் போன்றவர்களின் ஆசையை எடுத்துத்தானே இவர்கள் பிழைக்கிறார்கள்? பார்க்கும்போது நாங்கள் குடும்பம். "நம்ம குடும்பம் ஒரு லட்சத்தைத் தொட்டாச்சு" என்று கேக் வெட்டுவார்கள். கேள்வி கேட்டால் மட்டும் ஃபேன். மதினி எழுந்தார். டீயைத் தொடவில்லை. "வா, போவோம்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினார்.

நேரே என் கடைக்கு வந்தோம். ஊரில் பாதிப் பேருக்கு மனு அடித்துக் கொடுத்த கைதான். ஆனால் உங்களைப் பற்றி அடிக்கும்போது ஒரு வரி சேர்ந்தாற்போல வரவில்லை. குரலை எடுத்தது, பவுடர் விற்றது, இசக்கி பாட்டுக் கேட்காமல் போனது எல்லாவற்றையும் மதினி சொல்லச் சொல்ல அடித்தேன். மனுதாரர் என்ற இடத்தில் சண்முகத்தாய் என்று போட்டுவிட்டு நிறுத்தினேன்.

"கீழ உம் பேரையும் போடு" என்றார் மதினி.

"நான் யாருன்னு போட மதினி? உறவுமுறை கேட்டிருக்கே."

"நாத்தனான்னு போடு. எம் வீட்டுக்காரருக்குக் கூடப் பெறந்தவன்னு போடு. எவன் கேக்கான்னு பாப்போம்."

நாளைக்கு மனுவைத் தென்காசி கலெக்டர் ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போகிறோம். வாங்குவார்களா, அலையவிடுவார்களா, தெரியாது. அலையவிட்டால் அலைவோம். இசக்கி வீட்டுக்கும் போய், நடந்தது என்ன என்று அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டு வருவோம்.

உங்களுக்கு நான் ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அண்ணாச்சி. அந்தக் குரல் நிற்கும்வரை அவர்கள் நடத்தும் ஒரு ஆட்டத்தையும் விட மாட்டேன். எந்த ஊராக இருந்தாலும் போவேன். ஸ்பீக்கர் உங்கள் குரலில் வாயைத் திறந்ததும் எழுந்து நின்று கூட்டத்துக்கு நடுவில் கத்துவேன்: எங்கள் அண்ணன் செத்துப்போய்விட்டார். அவரைச் செத்தவராக இருக்க விடுங்கள்.

கூடப் பிறந்த தங்கை,
கோமதி